கீழ்த்தளத்துச் சன்னல்

வினிபெக்
1993 செப்டம்பர் 12

அன்புள்ள பெத்திங் அக்காவுக்கு,

தம்பி சாந்தோய் எழுதுகிறேன். நானும் மகள் லூர்தெசும் சுகம். அவளுக்கு மருத்துவமனையில் தாதி வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன பெட்டியில் அனுப்பிய தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறாயா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

ஒரு செய்தி. சிரிக்காமல் படி. உனக்கு ஒரு சன்னல் அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனி ஓர் ஏரிக்கரை வீட்டுக்காகச் செய்த சன்னல். அளவெடுத்தவன் பிசகியதால் அது அந்தச் சுவரில் ஏறவில்லை. ஒன்பது அடி அகலம், ஏழு அடி உயரம். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று கண்ணாடிகள். சட்டத்தோடு சேர்த்தால் ஓர் இளம் எருமையின் எடை வரும். உடைத்துக் குப்பையில் போட இருந்தார்கள். இத்தனை வருடம் ஊரார் வீட்டுக்கெல்லாம் சன்னல் தூக்கினேனே, எனக்கு ஒன்று கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். மரக்கூட்டில் அடைத்துக் கப்பலில் ஏற்றியாயிற்று.

அது திறக்காது, அக்கா. முன்பே சொல்லிவிடுகிறேன். திறப்பதற்காகச் செய்ததில்லை. இங்கே வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைகிற குளிரில், அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பனியனோடு நிற்கலாம்.

உனக்கு நினைவிருக்கிறதா? தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கண்ணாடிக்குப் பதில் சிப்பித் தகடு பதித்து அப்பா செய்த சன்னல் நடுங்கும். பலகைகளின் இடுக்கில் சாரல் வரும். அம்மா நம் பாயை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டே இருப்பாள். நீ என் முகத்துக்கு மேல் உன் பாவாடையைப் பிடித்திருப்பாய். சன்னலைச் சாத்தினால் கடல் தெரியாது, திறந்தால் நனைவோம். நனையாமல் அந்தக் கடலைப் பார்க்க வேண்டும் என்று அப்போது ஆசைப்பட்டேன். இப்போதும் அதே ஆசைதான்.

மேற்குப் பக்கம், கடலைப் பார்க்க அதை வைத்துவிடு. வைத்துவிட்டால் நான் வந்துவிடுவேன். பெட்டி இல்லை, நானே. திரும்பிப் போகிற பேச்சில்லாமல்.

ஒரே ஒரு கோரிக்கை. அடிச்சட்டம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது.

உன் ஆசியை வேண்டும்,
சாந்தோய்


தாலிசாய், அந்திகே
1993 அக்டோபர் 10

தம்பி சாந்தோய்க்கு,

உன் அக்கா எழுதுவது. கடவுள் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு மீன் காயப்போடுகிறேன். உன் தைலம் நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி அதைக் கால்வாசி தேய்த்துவிட்டாள்.

சன்னல் பற்றி எழுதியிருக்கிறாய். எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மீன் பொட்டலம் கட்டும் பழைய செய்தித்தாளை வைத்து எழுத்துக் கற்றவள். ஆனாலும் திறக்காததற்குச் சன்னல் என்று பெயரில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குச் சுவர் என்று பெயர்.

இருபத்தைந்து வருடமாக நீ எனக்குப் பெட்டி அனுப்புகிறாய். உருகிப்போன சாக்லேட்டு, டப்பாவில் அடைத்த இறைச்சி, நான் போட முடியாத செருப்பு. ஒரு முறை வந்தாய், இரண்டு வாரம் இருந்தாய், போனாய். அம்மா இறந்தபோது தந்தி கொடுத்தோம். நீ வரவில்லை. அடக்கம் முடிந்து பதினைந்தாம் நாள் பெட்டி வந்தது. திறந்தால் அம்மாவுக்கு ஒரு கம்பளிக் கோட்டு. இந்த வெயிலில் வாழ்ந்து இந்த வெயிலில் செத்தவளுக்குக் கம்பளிக் கோட்டு! நீ அதை வாங்கும்போது அவள் உயிரோடு இருந்திருப்பாள் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை. இப்போது சன்னல் அனுப்புகிறாய், ஆகவே திறக்கிறேன்.

அப்பாவின் சன்னலுக்கு ஒரு குறையும் இல்லை. பலகைகளை இரண்டு பக்கமும் தள்ளினால் சுவரே இல்லாமல் போய்விடும். காலையில் சாத்தியிருக்கும்போது சிப்பி வழியாக வருகிற வெளிச்சம், தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். உன் மூன்று கண்ணாடியிலும் அது வராது. அதை எடுத்துவிட்டு எருமை ஒன்றைச் சுவரில் மாட்டச் சொல்கிறாயா? மாட்ட மாட்டேன்.

ஒன்றரை அடி எதற்கு? அந்த உயரத்தில் கோழிதான் எட்டிப் பார்க்கும்.

குளிரில் தலையை மூடிக்கொள். லூர்தெசுக்கு என் முத்தம்.

பெர்பெத்துவா


தாலிசாய்
1993 டிசம்பர் 2

தம்பிக்கு,

நலம். நீயும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சுகமில்லாதவர்களுக்குத்தான் எழுத நேரமிருக்கும் என்பார்கள்.

உன் சன்னல் வந்துவிட்டது. இலோயிலோ துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் நிறுத்திவிட்டான். “இந்தப் பலகைப் பாலத்துல என் லாரியை ஏத்தினா லாரியும் இருக்காது பாலமும் இருக்காது” என்றான். இறக்கி வைத்துவிட்டுப் போயும்விட்டான்.

தச்சன் இல்தேயைக் கூப்பிட்டேன். நீ போகும்போது ஒல்லிப் பையனாக இருந்தவன். இப்போது வயிறு அவனுக்கு முன்னால் நடக்கிறது. மரக்கூட்டைச் சுற்றி வந்தான், தட்டிப் பார்த்தான்.

“அக்கா, இதை வண்டியில கொண்டுபோக முடியாது. வீடு தூக்குற மாதிரிதான் தூக்கணும்.”

உனக்கு மறந்திருக்காது என்று நம்புகிறேன். நம் சித்தப்பா குடிபெயர்ந்தபோது வீட்டை அப்படியே மூங்கில் கம்புகளில் தூக்கிக்கொண்டு போனார்களே, நீ உள்ளே உட்கார்ந்து சன்னல் வழியே எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டே போனாய், அடி வாங்கினாய். அதே மாதிரிதான். பதினாறு பேர் வந்தார்கள். தோள் உயரம் பார்த்து இல்தே ஆளை நிறுத்தினான். குட்டை பாசியோவைக் கடைசி வரை எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. அவன் தோளுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“டேய், நீ தூக்குறியா, தொங்குறியா?”

“நான் வேகம் குறைக்கிறேன்டா! இல்லேன்னா ஓடிருவீங்க!”

சிரித்துச் சிரித்துப் பாலத்தின் நடுவில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் கரையில் நின்று கத்தினேன். வழியெல்லாம் சனம் கேட்டது, உள்ளே என்ன என்று. இல்தே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொன்னான். பியானோ என்றான், பேராயர் என்றான். கோயில் வாசலில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

இஞ்சியும் கோழியும் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். கள் அவர்களே கொண்டுவந்தார்கள்.

சன்னல் இப்போது கீழ்த்தளத்தில், நெல் மூட்டைகளுக்கும் பன்றிக் கொட்டடிக்கும் நடுவே சாய்ந்து நிற்கிறது. அங்கேயே நிற்கும். நீ வந்து உன் கையால் மாட்டும் வரை அதன் ஆணியைக்கூட எவனும் தொட மாட்டான். சன்னல் மாட்டினால் வருவேன் என்கிறாய். நீ வந்தால் சன்னல் மாட்டலாம் என்கிறேன் நான். ஊரான் வீட்டுக்கெல்லாம் மாட்டியவன் தன் வீட்டுக்கு ஒன்று மாட்டட்டும்.

கிறிஸ்து பிறப்பு உனக்கு நன்றாக அமையட்டும்.

பெர்பெத்துவா


வினிபெக்
1994 ஜனவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிறிஸ்துமஸ் மறுநாள் வந்தது. பாசியோ பற்றிப் படித்தபோது லூர்தெஸ் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வர முடியாது. வேலை இருக்கிறது. இல்தே பார்த்துக்கொள்வான். படம் வரைந்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது, எப்போதும் நின்றபடியே இருக்க வேண்டும். முதலில் அடிப்பக்கம் உட்கார வேண்டும், பிறகு மேல்பக்கத்தை மெதுவாகத் தள்ள வேண்டும். கம்பெனிப் பெயர் ஒட்டிய தாள் இருக்கும் பக்கம் வீட்டுக்குள் இருக்க வேண்டும். இதைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. நான் யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அப்பாவின் சன்னலைத் தொட வேண்டாம். மேல்தளம் அப்படியே இருக்கட்டும். இதைக் கீழ்த்தளத்திலேயே மாட்டிவிடு. நான் கீழேயே இருந்துகொள்வேன். வாசல் கதவு குறுகலாக இருந்ததாக நினைவு. அதையும் மூன்று அடிக்கு அகலப்படுத்தச் சொல்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

சாந்தோய்


தாலிசாய்
1994 ஜனவரி 30

தம்பி சாந்தோய்க்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

கீழ்த்தளத்திலா? நம் பரம்பரையில் யாராவது கீழே குடியிருந்திருக்கிறார்களா? கீழே பன்றி இருக்கும், நெல் இருக்கும், பழைய துடுப்பு இருக்கும். மனிதர்கள் மேலே இருப்பார்கள். கடனில் மூழ்கியபோதுகூட அப்பா மேல்தளத்தை விட்டு இறங்கவில்லை. வெளிநாட்டில் இத்தனை வருடம் இருந்து திரும்பி வருகிறவன் பன்றித் தளத்தில் படுப்பதை ஊர் பார்த்தால், அக்காக்காரி மேலே இடம் கொடுக்கவில்லை என்று என்னைத்தான் சொல்லும்.

மேலே உன் அறை அப்படியே இருக்கிறது. கொசுவலையை வருடம் தவறாமல் துவைக்கிறேன். நீ கத்தியால் பெயர் செதுக்கிய தூண், அதற்காக அடி வாங்கிய மூலை, எல்லாம் இருக்கிறது. அதை விட்டுக் கீழேயா?

அதோடு கீழேயிருந்து கடல் எங்கே தெரிகிறது? முன்னால் என் மீன் காயப்போடும் பரண்கள் வரிசையாக இருக்கின்றன. மீன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறாயா?

என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெளிவாக எழுது. எழுதும் வரை நான் எழுதப் போவதில்லை.

பெர்பெத்துவா


தாலிசாய்
1994 மார்ச் 20

என் அன்புத் தம்பி சாந்தோய்க்கு,

எழுதப் போவதில்லை என்று எழுதியிருந்தேன். பிப்ரவரி முழுதும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வழக்கமாகக் கேட்பது போலக் கேட்கவில்லை.

போன வாரம் இல்தே நீ வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு வந்தான். கீழ்த்தளத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். எழுந்தான், மறுபடியும் உட்கார்ந்தான்.

“என்னடா, முட்டையிடப் போறியா?” என்றேன்.

“அக்கா, ஒன்றரை அடின்னா, நின்னு பாக்குறவனுக்கு இல்ல. உக்காந்திருக்கிறவனுக்கு. நாள் பூரா உக்காந்திருக்கிறவனுக்கு.”

“அவனுக்கென்ன, சோம்பேறி. வயசாச்சு.”

“சரிதான். மூணு அடிக் கதவு எதுக்கு? அவர் என்ன அவ்வளவு குண்டா? படியேறவே வேணாம்கிறாரே, அது எதுக்கு?”

அவனை வெளியே போ என்று கத்தினேன். போய்விட்டான், முக்காலியை விட்டுவிட்டு. நான் அதில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பன்றிகளை இல்தே வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நெல் மேலே போய்விட்டது. தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு போட்டு, சிமெண்டு பூசியாகிவிட்டது. வாசலில் இருந்த இரண்டு கல்படிகளை எடுத்துவிட்டுச் சாய்வாக மண் நிரப்பியிருக்கிறேன். மழைத் தண்ணீர் தேங்காமல் இருப்பதற்காக. மீன் பரண்களைத் தெற்கே நகர்த்திவிட்டேன். அங்கே வெயில் கொஞ்சம் குறைவு, மீன் காய ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல். கதவுக்கு மூன்று அடி போதுமா? நாலு அடியாகவும் செய்யலாம். மரம் இருக்கிறது.

உன் அக்கா,
பெத்திங்


வினிபெக்
1994 ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று அடி போதும்.

சாந்தோய்


தாலிசாய்
1994 மே 17

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், இடுப்பு மட்டும் யாருக்கும் இல்லை. உன் சன்னல் ஏறிவிட்டது.

திருவிழாவுக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மேற்குச் சுவரை இல்தே ஒரு வாரமாகக் கல் கல்லாகப் பிரித்தான். மேலே தாங்குவதற்கு இரும்பு மாதிரி ஒரு மரம் கொண்டுவந்து போட்டான். பிறகு அதே பதினாறு பேரையும் கூப்பிட்டேன். கூட்டைப் பிரித்ததும் எல்லாரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடியை இந்தக் கரையில் எவனும் பார்த்ததில்லை. பாசியோ மெதுவாகப் போய் அதில் தலை வாரிக்கொண்டான்.

படத்தில் நீ சொன்னபடியே அடிப்பக்கத்தை முதலில் வைத்தார்கள். மேல்பக்கத்தைத் தள்ளும்போது உள்ளே எட்டுப் பேர், வெளியே எட்டுப் பேர். வெளியே இருந்தவன் குரல் உள்ளே கேட்கவில்லை. மூன்று கண்ணாடி அல்லவா! வாய் மட்டும் அசைகிறது. இல்தே கையைக் காலை ஆட்டி நாட்டியம் ஆடிக் காட்டினான். “இப்படியே இவன் வாய் எப்பவும் கேக்காம இருந்தா நல்லா இருக்கும்” என்றாள் அவன் மனைவி.

படத்தில் சிவப்பில் எழுதியிருந்த விஷயத்தில் ஒரு சின்னத் தகராறு வந்தது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். தாள் ஒட்டிய பக்கம் உள்ளே என்று இல்தே சொன்னான். நான் கேட்டேன், இவ்வளவு தூரத்திலிருந்து வந்த சாமான், கம்பெனிப் பெயரும் அந்த நாட்டுக் கொடியின் சிவப்பு இலையும் போட்ட தாளை உள்ளே வைத்தால் ஊருக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் குளிர்பெட்டி வாங்கியவன்கூடப் பத்து வருடம் அதன் மேல் ஒட்டிய தாளைக் கிழிப்பதில்லை. சாந்தோய் அங்கேயே இருந்து நம் வழக்கத்தை மறந்துவிட்டான் என்றேன்.

“அக்கா, சிவப்புல எழுதியிருக்காரு.”

“சிவப்புல எழுதினா வேதமா? சன்னல் யார் வீட்டுல ஏறுது?”

தாள் வெளியே பார்க்கும்படி வைத்தோம். திருவிழா ஊர்வலம் நம் வீட்டு முன்னால் நின்றுவிட்டுத்தான் போனது. புகைப்படக்காரனை வைத்து ஒரு படம் எடுத்தேன், இதோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. மதியத்துக்கு மேல் வெயில் நேராக அதில் இறங்குகிறது, உள்ளே அப்பம் சுடலாம். ஆகவே சட்டத்துக்குக் கீழே சுவரைக் குடைந்து, மேல்தளத்தில் இருப்பது போலவே தள்ளு பலகை வைத்த இரண்டு காற்றுவாய்கள் போடச் சொன்னேன். காற்று காலடியில் வருகிறது.

மாட்டினால் வருவேன் என்றாய். மாட்டியாகிவிட்டது.

பெத்திங்


வினிபெக்
1994 ஜூன் 14

அக்கா,

சுகமெல்லாம் அப்புறம்.

படத்தைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சன்னலை உள்வெளியாகத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள்! இல்தேயின் கண் எங்கே போனது? தாள் ஊருக்குக் காட்டுவதற்கு ஒட்டியதில்லை, எந்தப் பக்கம் உள்பக்கம் என்று மாட்டுகிறவன் தெரிந்துகொள்ள ஒட்டியது! வெளிப்பக்கத்து அடிச்சட்டத்தில் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். சட்டத்துக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே வழியும். இப்போது அந்தத் துளைகள் எங்கே இருக்கின்றன? வீட்டுக்குள்! முதல் மழைக்கே தெரியும் உங்களுக்கு.

அதற்கு மேல் சுவரைக் குடைந்தீர்களாம், காற்றுவாயாம். அந்த எடையைத் தாங்குகிற சுவர் அது! என்னைக் கேட்டீர்களா? நான் மாட்டிய ஒரு சன்னல்கூட, ஒன்றுகூட, இப்படி நின்றதில்லை. என் பெயர் சொல்லி ஊர்வலம் வேறு நின்று பார்த்ததாம்!

உடனே இறக்கித் திருப்பி மாட்டச் சொல். உடனே.

சாந்தோய்


தாலிசாய்
1994 ஆகஸ்ட் 3

என் அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். உன் கோபத்தைக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! இல்தேக்குப் படித்துக் காட்டினேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு, “சாந்தோய் அண்ணன்தான், சந்தேகமே இல்ல. சின்ன வயசுல பட்டம் கிழிஞ்சா இப்படித்தான் கத்துவாரு” என்றான்.

நீ சொன்னது போலவே மழை வெளியே பெய்கிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. ஒழுங்காக, அந்தத் துளைகள் வழியாக, வரிசையாக வருகிறது. சட்டிகள் வைத்திருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்கும்போது, அம்மா கூரை ஒழுகும் இடத்துக்கெல்லாம் தேங்காய் ஓடு வைப்பாளே, அது நினைவுக்கு வருகிறது. எது எந்த ஓட்டில் விழுகிறது என்று நீயும் நானும் பந்தயம் கட்டுவோம். நீ எப்போதும் ஏமாற்றுவாய்.

இறக்கித் திருப்ப மாட்டேன். அதன் காரியம் தெரியாதவர்கள் ஒரு முறை மாட்டிவிட்டோம். இரண்டாம் முறை தெரிந்தவன் நின்று மாட்டட்டும். நின்று என்றால் நின்றுதான் என்று எனக்குப் பொருளில்லை. உட்கார்ந்து சொன்னாலும் பதினாறு பேருக்கும் காது இருக்கிறது.

அதுவரை தண்ணீர் உள்ளே வரட்டும். மரச்சட்டம் எத்தனை மழை தாங்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

மேலே இருக்கும் அறையைப் பூட்டிவிட்டேன். நானும் கீழேதான் படுக்கிறேன். சட்டியை யார் மாற்றுவது? இப்போது ஊர் பேசினால் இரண்டு பேரைப் பற்றியும் சேர்த்துப் பேசட்டும்.

உன் அக்கா,
பெத்திங்


வினிபெக்
1994 அக்டோபர் 2

அன்புள்ள அத்தைக்கு,

லூர்தெஸ் வணக்கத்துடன் எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அப்பா நவம்பரில் வருகிறார். அவரோடு நானும் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவேன். விமானத்தில் சக்கர நாற்காலியும் வரும்.

எல்லாம் அப்பா உங்களுக்கு எழுதியிருப்பார் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை என்று நேற்றுத்தான் சொன்னார். போன வருடம் பிப்ரவரியில் ஒரு கடையின் முன்பக்கக் கண்ணாடியைத் தூக்கும்போது சாரம் சரிந்து விழுந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஊருக்கு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். “நடந்து போனவன், ஒருத்தர் தள்ளிக்கொண்டு வர ஊருக்குள் போவதா?” என்பார். சன்னலை அனுப்பியபோதும் அது மாட்டப்படும் என்று அவர் நம்பவில்லை. நீங்கள் சம்மதிக்கவே மாட்டீர்கள் என்று நம்பித்தான் அந்த வாக்கைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

அந்தப் புகைப்படம் வந்ததிலிருந்து வேறு ஆள். சாப்பாட்டு மேசை முழுதும் வரைபடங்கள். தூக்கத்தில்கூட இல்தே மாமாவைத் திட்டுகிறார். “மரம் அழுகிடும், லூர்தெஸ், அந்தக் கிழவி வேணும்னே அழுக விடுவா, உனக்கு அவளைத் தெரியாது” என்று என்னைப் பயணச்சீட்டு வாங்க விரட்டுகிறார். வெட்கம் என்ற சொல்லையே மறந்துவிட்டார்.

நீங்கள் உண்மையிலேயே அழுக விடுவீர்களா, அத்தை?

அன்புடன்,
லூர்தெஸ்


தாலிசாய்
1994 டிசம்பர் 18

என் மகள் லூர்தெசுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. குளிரில் காதை மூடிக்கொள். எனக்கு முழங்கால் பரவாயில்லை. உன் அப்பாவுக்குப் பசி நன்றாக எடுக்கிறது, குறை சொல்வதற்கும் பலம் இருக்கிறது.

அக்டோபரில் நீ கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொல்ல மறந்துவிட்டேன். ஆமாம், அழுக விட்டிருப்பேன்.

அவன் வந்த அன்று நீ வாசலில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தாய், உள்ளே நடந்ததைப் பார்க்கவில்லை. பாதி ஊர் கூடியிருந்தது. எல்லாரும் அவன் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்தார்கள். இந்த நிமிடத்துக்குத்தானே அவன் அவ்வளவு பயந்தான் என்று நினைத்தேன். ஆனால் அவன் யாரையும் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நேரே கண்ணாடியிடம் உருட்டிக்கொண்டு போனான். அடிச்சட்டத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு துளையாகத் தடவிக்கொண்டே போனான். பிறகு திரும்பாமலே கேட்டான்.

“எவன்டா இதை மாட்டினது?”

பாசியோ இல்தேயைப் பார்த்தான், இல்தே என்னைப் பார்த்தான்.

“அக்காதான்ணே. நான் படிச்சுப் படிச்சு சொன்னேன்.”

“அவ சொன்னா உனக்கு எங்கடா போச்சு புத்தி? கிணத்துல குதின்னா குதிப்பியா?”

“அக்கா சொன்னா குதிக்கத்தான்ணே வேணும். உங்களுக்குத் தெரியாதா?”

அப்போதுதான் முதல் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு நாற்காலியை எவனும் பார்க்கவில்லை.

திருப்பி மாட்டியபோது நீ இருந்தாய், அதை நான் எழுத வேண்டியதில்லை. அவன் குரல் கடற்கரை வரை கேட்டது. அது நேராக உட்கார்ந்ததும் பதினாறு பேரும் கம்பைப் போட்டுவிட்டு அவனைத்தான் பார்த்தார்கள், சரிதானா என்று. அவன் தலையசைத்தான். அவ்வளவுதான். நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன், கஞ்சி அடிப்பிடிக்கிறது என்று.

காற்றுவாயை மூட வேண்டும் என்று இன்னும் தினமும் சண்டை போடுகிறான். மூட மாட்டேன். மதியம் வெயில் ஏறும்போது அவனே குனிந்து பலகையைத் தள்ளித் திறக்கிறான். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்வதில்லை.

நேற்று மதியம் கடலில் மழை தெரிந்தது, டிசம்பரில் எப்போதாவது வருகிற மழை. தூரத்தில் கறுத்து, பிறகு தண்ணீர் மேல் நடந்து வந்து, கண்ணாடி முழுதும் அடித்தது. ஒரு சொட்டு உள்ளே இல்லை. சத்தம்கூட இல்லை. அவன் கண்ணாடிக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா” என்றான்.

“என்ன?”

சாரம், விழுந்தது, மருத்துவமனை, எதைப் பற்றியும் அவன் இன்றுவரை என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அவன் வாய் திறந்து மூடியது. அன்று வெளியே நின்ற எட்டுப் பேரைப் போலத்தான், அசைவு தெரிந்தது, குரல் வரவில்லை.

“சோறு ஆறுது, முதல்ல சாப்பிடு” என்றேன்.

சாப்பிட்டான். இன்னொரு தட்டும் கேட்டான். எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்லட்டும். இனி நானும் அவனும் ஒரே தளத்தில்தானே இருக்கப் போகிறோம்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். இனிமேல் பெட்டி எதுவும் அனுப்பாதே. முடிந்தபோது நீ வா.

உன் அத்தை,
பெர்பெத்துவா